ரெக்சின் உடுப்பும் முகம் மூடிய ஹெல்மெட்டும்

ஹெல்மெட் வாங்கப் போகும்போது கொண்டை போட்டுக்கொண்டு போகக்கூடாது. இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் அக்கா காதில் போட்டிருக்கமாட்டாள்.

அக்கா எல்கடுவத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். அவள் புருஷன், அதாவது என் மச்சான், அதே தோட்டத்தில் மனேஜராக இருந்த துரையின் டிரைவர். துரை தோட்டத்தை விட்டுப் போகும்போது பங்களாக் கொட்டிலில் ஓடாமல் கிடந்த ஒரு பழைய காரை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிட்டால் தலைக்கு மேல் வானம்தான். மச்சான் ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டி ஓடவைத்தார். ஓடவைத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் நடக்கவைத்தார்.

அவ்வளவு மெதுவாகக் கார் ஓட்டிய மனுஷனை நான் என் ஆயுசில் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூரையை மடக்கிப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் தேயிலை மலைகளுக்கு நடுவில் கிளம்புவார்கள். கடைக்கு நடந்து போகிற ஆட்கள் காரை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து, "நாங்க முன்னால போறோம், பைய வாங்க" என்று கைகாட்டுவார்கள். அக்காவுக்கு மானம் போகும்.

"கொஞ்சம் மிதிங்களேன். மூஞ்சியில காத்து அடிக்க வேணாமா? இதுக்கா கூரைய மடக்கிட்டு வந்தோம்?"

"வளைவா இருக்குல்ல. நல்ல நேர் ரோட்டு ஒன்னு கெடைக்கட்டும், அன்னைக்கு மிதிச்சுக் காட்டுறேன்."

எல்கடுவ ரோட்டில் நேர் ரோட்டுக்கு எங்கே போவது? வருஷக்கணக்காக அவர் இதையே சொன்னார், அவள் அதையே கேட்டாள். போன வருஷம் மச்சான் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழும்பவில்லை. சாவு வீட்டில் அக்கா ஒப்பாரி வைக்கும்போதுகூட, "மிதிச்சுக் காட்டுறேன்னு சொன்னீங்களே" என்றுதான் அழுதாள். எனக்கு அதைக் கேட்கத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு கார் ஒழுகுகிற தகரக் கொட்டிலில் கிடந்து துருப்பிடிக்கத் தொடங்கியது. பழைய கார் என்றால் உயிரை விடுகிற ஒரு கண்டி டொக்டர் அதைக் கேள்விப்பட்டு வந்து பார்த்து, விலைக்குக் கேட்டார். நல்ல சிங்கள மனுஷன். இப்படிப்பட்டவரிடம் போனால் கார் பிழைக்கும் என்று அக்காவே சம்மதித்தாள். அப்போது டொக்டர் ஒரு விஷயம் சொன்னார். வில்கமுவப் பக்கம் ஒருவர் தன் சொந்தக் காணியில் கார் ஓட்டிப் பார்ப்பதற்கென்றே தார் போட்டு ஒரு வட்டப் பாதை கட்டியிருக்கிறாராம். கூரை இல்லாத கார் வைத்திருக்கிற அவருடைய கூட்டாளிகள் எல்லாரும் அங்கே கூடி ஆசை தீர ஓட்டுவார்களாம். கார் தன் கைக்கு வருவதற்கு முன்னால் நீங்களே ஒரு தடவை கொண்டுவந்து ஓட்டுங்கள் என்றார். நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நேர் ரோட்டா?"

"ஒரு பக்கம் நல்ல நீளத்துக்கு நேரா இருக்காம்."

"அப்பன்னா போவோம். நீ மிதிக்கணும். என் மூஞ்சியில காத்து அடிக்கணும். அதுக்கப்புறம் அவரு காரக் கொண்டுக்கிட்டுப் போகட்டும்."

காரை டொக்டரிடம் கையளிக்கிற நாள் அந்த ஓட்டத்துக்கு மறுநாள். ஆகவே எங்களுக்கு இருந்தது அந்த ஒரு ஓட்டம்தான்.

டொக்டர் ஃபோனில் சட்டதிட்டங்களைச் சொன்னார். கூரை இல்லாத கார் என்பதால் முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் வேண்டும். ஓடும்போது அதன் கண்ணாடியைத் திறக்கவே கூடாது. கை கால் மறைகிற பாதுகாப்பான உடுப்பும் மூடிய சப்பாத்தும் வேண்டும். கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்ற சீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்பு வளைவு வேண்டும், அதைத் தன் மெக்கானிக் வந்து பூட்டித் தருவான் என்றார். அவன் வந்து பூட்டிவிட்டுப் போன அன்றைக்கே அக்கா அதில் துவாயைக் காயப்போட்டாள்.

ஆனால் ஹெல்மெட் கதையைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. "மூஞ்சிய மூடிட்டா காத்து எங்கடா அடிக்கும்?"

"அந்த வேகத்துக்கு எப்படியாச்சும் உள்ள வந்துரும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.

மாத்தளை டவுனில் ஹெல்மெட் விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார். எனக்குப் பழக்கம். நான் பலாபத்வலயில் குஷன் கடை வைத்திருக்கிறேன். பஸ் சீட், கார் சீட், ஓட்டோ சீட் எல்லாம் தைப்பேன். நானாவின் வேனுக்கும் நான்தான் சீட் தைத்தது.

"யாருக்கு ஹெல்மெட்?" என்று நானா கேட்டார்.

"எனக்குந்தான், அக்காவுக்குந்தான்."

"தங்கச்சி பைக்ல பின்னுக்கு உக்காந்து போறதுக்கா?"

"இல்ல நானா, ரேஸ் ஓடறதுக்கு" என்றாள் அக்கா.

நானா அவளுடைய சேலையைப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வியாபாரி அல்லவா, பேசாமல் ஒரு ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார். அது கொண்டைமேல் உட்கார்ந்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை. அடுத்த அளவு, அதற்கடுத்த அளவு, எதுவும் இறங்கவில்லை. கொண்டையை அவிழ் என்றேன். "கடத்தெருவுல நின்னு தலைய விரிச்சுப்போடச் சொல்றியா? ஒனக்கு வெக்கமாயில்ல?" என்று என்மேல் பாய்ந்தாள். கடைசியில் நானா உள்ளேயிருந்து இருக்கிறதிலேயே பெரிதைக் கொண்டுவந்தார். "இதுக்கு மேல சைஸ் ஒலகத்துலயே இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து அழுத்தினோம். கொண்டையோடு இறங்கிவிட்டது.

"ஒரு பொட்டுக் காத்து உள்ளுக்கு வராது. அப்படி நல்ல சாமான் இது" என்று நானா பெருமையாகக் கண்ணாடியை மூடினார்.

"அப்ப இது வேணாம்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நானா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். கடையில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. அக்கா அந்தப் பெரிய அளவில் இருந்த ஒவ்வொரு ஹெல்மெட்டாகப் போட்டு, கண்ணாடியை மூடி, ஃபேனுக்கு முன்னால் குனிந்து நின்று, காற்று வருகிறதா என்று பார்த்தாள். "வரல." அடுத்தது. "இதுலயும் வரல." கடைக்கு வந்த ஆட்கள் எல்லாம் ஹெல்மெட்டை மறந்துவிட்டு அக்காவைப் பார்த்தார்கள். நானா தலையில் கைவைத்துக்கொண்டு, "தங்கச்சி, எல்லாரும் காத்து வருதுன்னு சொல்லித்தான் திருப்பிக் கொண்டாறாங்க. காத்து வரல்லன்னு வாணாம்கிறது நீங்க ஒராள்தான்" என்றார். கடைசியில் தாடைக்குக் கிட்ட ஓட்டைகள் உள்ள ஒன்றில் லேசாக ஏதோ வருகிறது என்று அரைமனதோடு ஒத்துக்கொண்டாள். நான் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டேன்.

உடுப்பு விஷயத்தில் நடந்தது முழுக்க என் கைங்கரியம். டொக்டர் தங்கள் ஆட்கள் நிற்கிற படம் ஒன்றை ஃபோனில் அனுப்பியிருந்தார். எல்லாரும் தலை முதல் கால் வரை ஒரே துண்டாய்ச் சிவப்பு உடுப்பில் பளபளவென்று நின்றார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட, இது நம்ம ரெக்சின்! பஸ் சீட்டுக்கு வாங்கின சிவப்பு ரெக்சின் கடையில் சுருள் சுருளாய்க் கிடக்கிறது. இதற்குப் போய் யாரையாவது கேட்கவேண்டுமா? முழங்கைக்கும் முழங்காலுக்கும் ஸ்பொஞ்ச் வைத்தேன். உட்காருகிற இடத்துக்கு இரட்டை ஸ்பொஞ்ச். ஓரமெல்லாம் வெள்ளைப் பைப்பிங் ஓட்டினேன். கை பழக்கம், முதுகில் சதுரம் சதுரமாகக் கோடு போட்டுத் தையலும் அடித்துவிட்டேன். போட்டுப் பார்த்தபோது மடங்க முடியவில்லை என்பது உண்மைதான். புதுசு, போகப்போகச் சரியாகும் என்று அக்காவிடம் சொன்னேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் காரைக் கோவிலுக்குக் கொண்டுபோனோம். வாகனத்துக்குப் பூசை போடாமல் ஓட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பூசாரி காருக்கு மாலை போட்டார், சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டு ஹெல்மெட்டையும் நீட்டினோம். அவர் கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலை மாதிரி இருக்கிறது, ஆகவே நெற்றி என்று ஒன்று இருக்கவேண்டும். கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் பெரிதாகக் குங்குமம் வைத்துவிட்டார். நான் துடைக்கப் போனேன். அக்கா கையில் ஒரு அடி போட்டாள். "பூசை பண்ணுனத ஓட்டம் முடியுங்காட்டியும் தொடாத."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். மாத்தளையைத் தாண்டிக் கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது. வில்கமுவக்குப் போய்ச் சேர்ந்தபோது வயலெல்லாம் அனல் பறந்தது. அந்த வெயிலில் அந்த ரெக்சின் உடுப்பைப் போட்டோம். ஐயோ, என் எதிரிக்கும் அந்தக் கதி வரவேண்டாம். உடம்பிலிருந்து வழிந்த வேர்வை நேரே சப்பாத்துக்குள் போய் நிறைந்தது. நடந்தால் சளக் சளக். இரண்டு பஸ் சீட்டுகள் எழும்பி நடந்து வருவதுபோல் வந்து நின்ற எங்களைப் பார்த்ததும் டொக்டர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

பாதைக்குள் விடுவதற்கு முன்னால் ஒரு பரிசோதகர் வந்தார். இளவட்டம், கறாரான ஆள். எங்களைக் காரில் உட்காரச் சொன்னார். பின்னாலிருந்த இரும்பு வளைவுக்கும் முன்கண்ணாடியின் மேல்விளிம்புக்கும் குறுக்கே ஒரு நீளத் தடியை வைத்தார். ஹெல்மெட் அந்தத் தடிக்குக் கீழே இருக்கவேண்டுமாம், அப்போதுதான் கார் கவிழ்ந்தாலும் தலை தப்பும். என் தலை தப்பியது. அக்காவின் தலை தடியில் டொக்கென்று முட்டியது. கொண்டை ஹெல்மெட்டை மேலே தூக்க, என் இரட்டை ஸ்பொஞ்ச் அவளையே மேலே தூக்கியிருந்தது.

அடுத்து அவர் என் கையைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன துணி?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"முதல்தரமான ரெக்சின். பத்து வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது" என்றேன் நானும் சிங்களத்தில்.

ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டு வெட்டினார். லைட்டரைப் பற்றவைத்து அதன்மேல் பிடித்தார். அது எரிந்தால்கூடப் பரவாயில்லை. சுருண்டு, உருகி, கறுப்பாய்ச் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்து நாறியது. "நெருப்புப் பிடித்தால் இது உங்கள் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இதைவிட ஒன்றும் போடாமல் ஓடலாம். பருத்தியில் நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார். படத்தில் நான் பார்த்தது நெருப்புத் தாங்குகிற ஏதோ விசேஷத் துணியாம்.

என் கண்ணுக்கு முன்னால் என் ரெக்சினை ஒருவன் கொளுத்திக் காட்டினால் எனக்கு எப்படி இருக்கும்? கோபம் மூக்குக்கு மேலே ஏறிவிட்டது. காரைத் திருப்பிக்கொண்டு போவோம் என்று குதித்தேன். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை. "திரும்பிப் போனா நாளைக்குக் காரு போயிரும்டா. நீ கத்துறத விட்டுட்டு சட்டையத் தேடு" என்றாள். குரல் தழுதழுத்தது.

அந்த ரெக்சினுக்கு அடியில் அக்கா தன் மகளுடைய பருத்திக் காற்சட்டையும் குட்டைக்கை பிளவுசும் போட்டிருந்தாள். நான் ஜீன்ஸும் பெனியனும். இல்லாதது நீளக் கைச் சட்டை மட்டும்தான். பக்கத்தில் கடை இல்லை, பஸ் எப்போது வரும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது. டொக்டரின் கூட்டாளிகளிடமும் மாற்றுச் சட்டை இல்லை. நான் நாலாபக்கமும் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நெல்வயல். வயலுக்கு நடுவில் புருஷன் பொண்டாட்டி மாதிரி இரண்டு வெருளிப் பொம்மைகள் கையை விரித்துக்கொண்டு நின்றன. நீளக் கைச் சட்டை, வெளுத்துப்போன பருத்தி.

வயல்காரர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் வெற்றிலை புரைக்கேறச் சிரித்தார். சட்டையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் என் பொம்மைகள் அம்மணமாக நின்றால் குருவிகூட மதிக்காது, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் அந்த இடத்திலேயே ரெக்சினைக் கழற்றிப் பொம்மைகளுக்கு மாட்டினோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்களைவிட அவற்றுக்குக் கச்சிதமாக இருந்தது. மடங்கவேண்டிய தேவை இல்லை அல்லவா.

அக்கா பொம்மையின் சட்டையை உதறி, பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, போட்டுக்கொண்டாள். பிறகு யாரும் சொல்லாமலே கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டுச் சட்டைக்குள் செருகினாள். காலையில் இதைச் செய்திருந்தால் என்ன என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. இரட்டை ஸ்பொஞ்சும் கொண்டையும் போனபிறகு தடி அவள் தலைக்கு மேலே தாராளமாகப் போனது. பரிசோதகர் சட்டையை மோந்து பார்ப்பதுபோல் கிட்டே வந்துவிட்டு, சரி போங்கள் என்று தலையாட்டினார்.

பாதைக்குள் இறங்கினோம். எனக்கு முன்னால் ரோட்டு தெரிந்தது. அதற்கு நடுவில் குங்குமமும் தெரிந்தது. வளைவில் குங்குமம், திருப்பத்தில் குங்குமம், எதிரே தெரிந்த எல்லாவற்றின் நெற்றியிலும் குங்குமம். தலையை இடப்பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு ஓட்டினேன். முதல் சுற்றில் பயம். இரண்டாவது சுற்றில் அந்த நேர் ரோட்டு வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். மச்சானின் கார் அப்படி ஒரு சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"எப்படிக்கா?" என்று கத்தினேன்.

"வரல!" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

மூன்றாவது சுற்றில் இன்னும் மிதித்தேன். "வரல!" கடைசிச் சுற்று. நேர் ரோட்டு. இதற்கு மேல் மிதிக்க இடமில்லை, கால் தரையில் முட்டிவிட்டது. பக்கத்தில் ஏதோ அசைவதுபோல் இருந்தது. பார்த்தால், அக்கா ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டாள்.

காற்று வந்தது. வந்த காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து, அதைத் தூக்கி, நாடாவைத் தாடையோடு இழுத்தது. கண்ணீர் காதுப் பக்கமாய் ஓடியது. "ஆ" என்று வாயைத் திறந்தாள், ஒரு பூச்சி நேரே உள்ளே போனது. சட்டைக்குள்ளிருந்து பின்னல் எழும்பி வந்து என் ஹெல்மெட் கண்ணாடியில் பளாரென்று அடித்தது. குங்குமம் முழுக்கத் துடைபட்டுப்போனது. அப்போதுதான் எனக்கு ரோட்டு தெளிவாகத் தெரிந்தது, ரோட்டோரத்தில் ஒருவர் எங்களைப் பார்த்துக் கறுப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. வெளியே போ என்று அர்த்தம்.

பரிசோதகர் ஏசு ஏசென்று ஏசினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா கேட்டமாதிரியே இல்லை. காறித் துப்பினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடியும் துப்பினாள். கண்ணிரண்டும் கோவைப்பழம்.

"காத்து அடிச்சுச்சாக்கா?"

"அடிச்சுச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போவோம்."

அவ்வளவுதான். இவ்வளவு பாடுபட்டு, மானத்தை விட்டு, பொம்மையின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டிக்காட்டினால், ஒரு சிரிப்பு இல்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஹெல்மெட்டுகளைத் தூக்கிக் காலடியில் போட்டுவிட்டுக் காரை எடுத்தேன். வயலோரம் வந்தபோது சிவப்பு ரெக்சினில் பொம்மைகள் இரண்டும் ஜோராக நின்றன. ஒன்றின் தோளில் நான் தைத்த ஸ்பொஞ்சின்மேல் ஒரு மைனா வசதியாக உட்கார்ந்திருந்தது.

வாய்க்கால் ஓரத்து ரோட்டில் வெயில் தாழ்ந்திருந்தது. முன்னால் வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டர் அசைந்து அசைந்து போனது. நானும் பின்னால் ஊர்ந்தேன். கொஞ்ச தூரத்தில் ரோட்டு நேரானது. எதிரே ஒரு வாகனமும் இல்லை. எனக்குச் சட்டென்று உறைத்தது.

"அக்கா! நேர் ரோட்டு. ஹெல்மெட்டும் இல்ல, கொடிக்காரனும் இல்ல. டிராக்டர முந்திக்கிட்டு ஒரு மிதி மிதிக்கவா?"

அவள் என் முழங்கையைப் பிடித்தாள். திரும்பிப் பார்த்தேன். பின்னல் அவிழ்ந்து, நெற்றியில் விழுந்த முடி மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வைக்கோல் தூசு கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"மிதிக்காத" என்றாள். "இதுதான்டா அந்தக் காத்து. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

சைக்கிளில் மண்வெட்டியோடு வந்த ஒரு ஆள் மணியடித்து எங்களை முந்திக்கொண்டு போனார். அக்கா கண்ணைத் திறக்காமலே அவருக்குக் கைகாட்டினாள். டிராக்டர் ஒரு வயல் பாதைக்குள் திரும்பிவிட்டது. ரோட்டு முழுக்க எங்களுக்குத்தான்.

"இன்னும் கொஞ்சம் மெதுவாப் போ."

"இதுக்கு மேல மெதுவாப் போனா காரு நின்னுரும்க்கா."

"நின்னா நிக்கட்டும்" என்றாள்.